நோட்டீசில் பிழை இல்லை

1

எங்கள் வீட்டில் சில மாதங்களாகப் பள்ளிக்கூடத்துக் கடிதங்களை யாரும் வாசித்துச் சொல்வதில்லை. மகள் மல்லிகா கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைக்கிறாள், போய்விடுகிறாள். என் மனைவி சரசு அதை எடுத்து, எது மேல்பக்கம் எது கீழ்ப்பக்கம் என்று பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுகிறாள். என் இங்கிலீஷ் கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான். ஆகவே நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். எதற்குப் போட்டேன் என்பது சில சமயம் பிறகு தெரியவரும், சில சமயம் தெரியாமலே போகும்.

இங்கே மலேயாவில் (மலேசியா என்று சொல்ல நாக்கு இன்னும் பழகவில்லை) கடிதம், நோட்டீஸ், உத்தரவு எல்லாவற்றுக்கும் சூராட் என்று ஒரே மலாய்ச் சொல். "அப்பா, சூராட் வந்திருக்கு" என்று மல்லிகா கத்திக்கொண்டு ஓடிவருவாள். நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்காருவேன். அவள் இங்கிலீஷில் ஒரு வரி வாசிப்பாள், தமிழில் ஒரு வரி சொல்வாள். பன்னிரண்டு வயசு. ஒரு வயசுக் குழந்தையாகக் கப்பலில் வந்தவள். தமிழ் அவளுக்கு இரவல் சட்டை மாதிரி, அங்கங்கே தொங்கும். இருந்தாலும் எனக்கு அந்தக் கால்மணி நேரம் போல வேறு எதுவும் இனித்ததில்லை.

அன்றைக்கு வந்த சூராட்டைப் படித்துவிட்டு, "பேரண்ட்ஸ் டேக்கு அப்பா அம்மா வரக்கூடாதுன்னு போட்டிருக்குப்பா" என்றாள்.

"பெத்தவங்க நாளுக்குப் பெத்தவங்க வரக்கூடாதா? எந்த மடையன் அப்படிப் போடுவான்?"

"அப்படித்தான்லா இருக்கு."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. சரசுவின் கண்டாங்கிச் சேலையும் என் வெற்றிலைப் பல்லும் அவளுக்கு வெட்கமாக இருக்கிறது, சீனத் தோழிகள் பார்த்துவிடுவார்கள் என்று மாற்றிப் படிக்கிறாள் என்று என் புத்தி போயிற்று. காகிதத்தைப் பிடுங்கினேன். "தப்பாப் படிக்கறே. பொய் சொல்லிப் படிக்கறே" என்று கத்தினேன். அவள் முகம் சிவந்துபோயிற்று.

மறுநாள் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன், ஒரு பிடி பிடிப்பதற்கு. ஆபீசில் இருந்த தமிழ்க் கிராணி (நம்ம ஊர்க் குமாஸ்தா) அம்மாள் காகிதத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். டைப் அடிக்கும்போது இங்கிலீஷில் ஒரு எழுத்து மாறி, நவ் என்பது நாட் என்று விழுந்து, இப்போது வரலாம் என்பது வரக்கூடாது என்று ஆகிவிட்டதாம். திருத்தின சூராட் அன்றைக்கே அனுப்புகிறார்களாம். "உங்க மக கரெக்டாத்தான் படிச்சிருக்கா சார்" என்றாள்.

வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும்பா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்கு எதையும் வாசித்துக் காட்டுவதில்லை.

ஒரு பெண்பிள்ளையைப் பார்த்து நான் தப்பாகப் படிக்கிறாய் என்று சொன்னது இது இரண்டாவது தடவை. முதல் தடவையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

அதற்கு முன்னால் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விளங்காது.

நான் இங்கே கல்வி இலாகாவில் தமிழ் அறிவிப்பாளன். மேலே இரண்டு குழாய் வைத்த ஒரு வேன். உள்ளே நானும் மலாய்க்கார டிரைவரும். ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய், பால்மரம் வெட்டப் போனவர்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்புகிற நேரம் பார்த்து நிறுத்துவோம். "ஆறு வயசு ஆன பிள்ளைங்க பேரைப் பதியணும். பிறந்த சூராட்டை எடுத்துக்கிட்டு வாங்க. பொண்ணு பேரையும் பதியுங்க, பையன் பேரையும் பதியுங்க." இதுதான் என் பாட்டு. கப்பலை விட்டு இறங்கி இந்தத் தை மாதத்தோடு பதினோரு வருஷம். அதில் ஒன்பது வருஷம் இந்தப் பாட்டுத்தான்.

எங்கள் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷர், ஆனால் எழுதிக்கொடுத்ததில் ஒரு புள்ளி மாறினாலும் பொறுக்கமாட்டார். "என்ன காணும் இது? பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளப்படுவர் எண்டு வடிவா எழுதித் தந்தனான். நீர் ஏன் பதியுங்கோ, பதியுங்கோ எண்டு கத்துறீர்?"

"சனங்களுக்குப் புரியணுமில்லீங்களா?"

"சேர்க்கிறது எண்டால் விளங்காதோ?"

விளங்கும். அதுதான் பிரச்சினை என்று சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை இந்தச் சண்டை வரும். நான் தலையை ஆட்டுவேன், குழாயில் போய்ப் பதியுங்கள் என்றே சொல்வேன். சேர்த்துக்கொள் என்ற சொல்லை இந்தப் பதினோரு வருஷத்தில் நான் வாய்விட்டுச் சொன்னது கிடையாது.

3

நான் கொல்லிமலைக்காரன் இல்லை. அடிவாரத்துக்காரன். எங்கள் ஊரில் நிமிர்ந்தால் மலை, குனிந்தால் நிலக்கடலைக் காடு. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஆபீசில் எனக்கு டெம்பரவரி வேலை. மதியச் சோறு போடுகிற திட்டம் பள்ளிக்கூடங்களுக்கு வந்த புதுசு. பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்க ஊர் ஊராகப் போய்ப் பேசவும், நோட்டீஸ் எழுதவும், தமுக்குப் போடச் சொல்லவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும், அதனால் கொடுத்தார்கள்.

அப்போது அடிவாரம் வரைக்கும்தான் பஸ். அதற்கு மேல் கால்தான். மூட்டு இரண்டும் கழன்றுபோகும். அந்த மலையை நினைத்து நான் ஒருநாளும் ஏங்கியதில்லை. எனக்குக் குளிரும் பிடிக்காது, சாமைச் சோறும் பிடிக்காது. ஆனால் சனங்கள் நல்லவர்கள். "நோட்டீசு சாமி வந்திருச்சு" என்று கூப்பிட்டு உட்கார வைத்து, பலாச்சுளையோ வெந்த மரவள்ளிக் கிழங்கோ தராமல் விடமாட்டார்கள்.

மலைமேல் திருப்புலி நாட்டில் (அங்கே நாலைந்து ஊர் கூடினால் ஒரு நாடு) ஒரு ஓராசிரியர் பள்ளிக்கூடம். மண் சுவர், புல் கூரை. பழனிச்சாமி என்று ஒரு வாத்தியார், கல்யாணம் ஆகாதவர், சமவெளியிலிருந்து வந்து அங்கேயே தங்கிப் பாடம் நடத்தினார். பதினாலு பையன்கள், ஒரே ஒரு பெண். அந்தப் பெண் பெயர் செம்பாயி. பத்து வயசு.

அவள் அப்பா ஆண்டிக்கவுண்டர், மிளகுக்கொடி வைத்திருந்தவர். பெண்ணைப் படிக்க வைக்கவேண்டும் என்று பெரிய இலட்சியம் எதுவும் அவருக்கு இருக்கவில்லை. என்னிடம் நேராகவே சொன்னார். "இவ அம்மா போய்ச் சேந்துட்டாளுங்க. ஊட்டுல தனியா உட்டுப்போட்டுக் காட்டுக்குப் போனா மனசு அடிச்சுக்குதுங்க. இங்க இருந்தாப் பத்திரமா இருக்குமுன்னுதான்." பத்திரமாக இருக்கட்டும் என்று கொண்டுவந்து விட்ட பிள்ளை இரண்டு வருஷத்தில் பதினாலு பையன்களையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. கடையில் வெல்லம் கட்டிக் கொடுத்த காகிதம், தீப்பெட்டி, என் பையில் இருந்த பஸ் டிக்கெட், எதைக் கண்டாலும் படிக்கும். கவுண்டருக்கு அதில் பெருமை தாங்காது. "ஏனுங்க, அதுல என்ன எழுதியிருக்குன்னு என்ற புள்ளையக் கேளுங்க" என்று வழியில் போகிறவர்களை நிறுத்துவார்.

செம்பாயியின் தாய்மாமனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. தன் மகனுக்குக் கட்டவேண்டிய பெண் எழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறதே என்று அவருக்கு எரிச்சல். "வயசுக்கு வர்ற வரைக்கும் போகட்டும் மச்சான்" என்று கவுண்டர் அவரைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

4

ஒரு வருஷம் ஆனித் துவக்கத்தில், பெண்பிள்ளைகளை நிறையக் கொண்டுவரச் சொல்லி ஆபீசுக்கு உத்தரவு வந்தது. அடிவாரத்துப் பெரிய மனிதர் ஒருவர் பெண்பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் கொடுப்பதாகவும் சொல்லியிருந்தார். இன்ஸ்பெக்டர் ஐயா நோட்டீசுக்கு வாசகம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கேம்ப் போய்விட்டார். வாசகம் இதுதான்: "மேற்படி பள்ளியில் பெண் குழந்தைகளும் சேர்த்துக்கொள்ளப்படுவர். அவ்வாறு சேர்த்துக்கொள்ளப்படும் குழந்தைகளுக்கு மதிய உணவும் உடையும் வழங்கப்படும்."

படுவர், படும், வழங்கப்படும். எனக்குச் சிரிப்பு வந்தது. மலையில் யாருக்கு இது விளங்கும்? யார் சேர்ப்பார்கள், யார் வழங்குவார்கள், ஆளே இல்லையே வாசகத்தில்? சனங்களிடம் பேசத் தெரிந்தவன் நான்தானே என்ற கொழுப்பில், நகல் எடுக்க ஸ்டென்சில் வெட்டும்போது நானே மாற்றினேன்.

"வாத்தியார் இனிமேல் பொம்பளப் பிள்ளைகளையும் சேர்த்துக்குவார். சேர்த்துக்கிட்ட பிள்ளைக்குச் சோறு போட்டுத் துணியும் குடுப்பார்."

படித்துப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது. பச்சைப் பிள்ளைக்கும் புரியும் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

தமிழ் தெரிந்த உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்றால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். மலையில் அது இன்னும் திட்டமான சொல். தாலி கட்டினால் கட்டிக்கொண்டது. தாலி இல்லாமல் ஒரு துணியைக் கொடுத்து வீட்டோடு கூட்டிக்கொண்டு போனால் சேர்த்துக்கொண்டது. துணி கொடுத்தான், சோறு போடுகிறான், சேர்த்துக்கொண்டான். மூன்றையும் ஒரே மூச்சில் எழுதி வைத்திருக்கிறேன், அதுவும் கல்யாணம் ஆகாத வாத்தியார் பேரில். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது சேர்த்துக்கொள் என்ற சொல்லுக்கு எனக்கு ஒரே அர்த்தம்தான் ஞாபகம் இருந்தது. அட்மிஷன் ரிஜிஸ்டர்.

5

நோட்டீசை ஒட்டினால் மட்டும் போதுமா, படிக்கிறதற்கு ஆள் வேண்டாமா? மலையில் சந்தை கூடுகிற நாளாகப் பார்த்துப் போனேன். அங்கேதான் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. நான் படிப்பதைவிடச் செம்பாயி படித்தால் எப்படி இருக்கும்? நம்ம பெண்ணே நோட்டீஸ் படிக்கிறது பார் என்று நாலு பேர் தங்கள் பெண்ணை அனுப்பமாட்டார்களா? கவுண்டரிடம் கேட்டேன். மனுஷருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. "படிக்கட்டுமுங்க சாமி, படிக்கட்டும்" என்று அவரே அவளைத் தூக்கி ஒரு பாறைமேல் நிறுத்தினார்.

தமுக்கு அடித்தாயிற்று. கூட்டம் கூடிற்று. செம்பாயி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு எழுத்து பிசகாமல், கணீரென்று படித்தாள்.

பின்னால் ஒருத்தன், "எத்தனை பேரைடா சேத்துக்குவான் வாத்தி?" என்றான். சந்தை முழுக்கச் சிரிப்பு. "துணி எத்தனை முழம்னு கேளு கண்ணு" என்றாள் ஒரு கிழவி. எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. நிறுத்து என்று சொல்ல வாய் வரவில்லை.

செம்பாயிக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. தான்தான் எங்கேயோ பிசகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். அதனால் மறுபடியும் முதலிலிருந்து, விரலை வைத்து, இன்னும் நிதானமாக, இன்னும் சத்தமாகப் படித்தாள். "வாத்தியார்... இனிமேல்... பொம்பளப் பிள்ளைகளையும்..." சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. இரண்டாவது வரிக்குள் கவுண்டர் அவளைப் பாறையிலிருந்து இறக்கிவிட்டார்.

தாய்மாமன் சிரிக்கவில்லை. "வாத்தி சேத்துக்குவான்னு உன்ற வாயாலயே சொல்லிப்போட்டயே கண்ணு" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டுத் தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒட்டின நோட்டீசையெல்லாம் அன்றைக்குச் சாயந்திரத்துக்குள் கிழித்துப்போட்டார்கள். ஆனால் கவுண்டர் என்ன செய்தார் தெரியுமா? மறுநாள் காலையில் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். என்னைப் பார்த்து, "நோட்டீசு எழுதினவன் எவனோ கூறுகெட்டவனுங்க. அதுக்குப் புள்ள என்ன பண்ணும்?" என்றார். எழுதினவன் ஆபீசில் எவனோ என்று நினைத்துக்கொண்டு சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அதை நன்றாகக் கவனியுங்கள். அத்தனை அவமானத்துக்குப் பிறகும் அந்த மனுஷர் பெண்ணைப் படிக்க அனுப்பினார்.

6

ஊர்க்கூட்டம் போட்டு, வாத்தியாரை மாற்றவேண்டும் என்று ஆபீசுக்குச் சொல்லியனுப்பினார்கள். இன்ஸ்பெக்டர் ஐயா மூச்சு வாங்க மலையேறி வந்தார். பள்ளிக்கூடத்திலேயே விசாரணை. ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர், நாலு பெரியவர்கள், தாய்மாமன், ஆண்டிக்கவுண்டர், அவர் பக்கத்தில் செம்பாயி. ஒரு ஓரத்தில் பழனிச்சாமி வாத்தியார், பேயறைந்த மாதிரி.

ஐயா பைலைத் திறந்தார். அதில் இருந்தது அவர் எழுதின வாசகம். ஒட்டினதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. "இதில் என்ன தப்பு இருக்கிறது?" என்று படித்துக் காட்டினார். படுவர், வழங்கப்படும். கூட்டம் முழித்தது. "நீங்க படிக்கறது வேற மாதிரி இருக்குதுங்களே" என்றார் ஊர்க்கவுண்டர்.

ஐயா என் பக்கம் திரும்பினார். "ஏம்பா, இதைத்தானே ஸ்டென்சில் வெட்டினே?"

வீட்டில் அப்போது மல்லிகா பிறந்து மூன்று மாசம். சரசுவுக்கு உடம்பு தேறவில்லை. என் வேலையோ எந்த மாசம் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்கிற வேலை. இதையெல்லாம் அப்போது நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிற்று. "ஆமாங்கய்யா. பாப்பா தப்பாப் படிச்சிருச்சுங்க."

செம்பாயி நிமிர்ந்து பார்த்தாள். "இல்லீங்க சாமி. அப்படித்தான் இருந்துச்சு. ரெண்டு தடவ படிச்சேன்."

"கண்ணு, நீ இன்னும் எழுத்துக்கூட்டித்தானே படிக்கறே" என்றேன். எவ்வளவு அன்பாகச் சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்! அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

அவள் அழவில்லை. வாத்தியாரைப் பார்த்தாள். அந்த நோட்டீசை ஒட்டுவதற்கு முன்னால் என் கையிலிருந்து வாங்கிப் படித்தவர் அவர்; அவருக்கும் அப்போது அட்மிஷன் ரிஜிஸ்டர்தான் ஞாபகம் வந்திருக்கும். அவர் குனிந்துகொண்டார். அவரும் பாவம், வாயைத் திறந்தால் பெண்ணுக்குப் பரிந்து பேசுகிறான் பார் என்று அதற்கும் ஒரு அர்த்தம் கட்டியிருப்பார்கள்.

ஐயா ரிப்போர்ட் எழுதினார். எழுதினதைச் சத்தமாகப் படித்தார். "நோட்டீசில் பிழை இல்லை. சிறுமிக்குச் சரியாகப் படிக்கத் தெரியாத காரணத்தால் ஏற்பட்ட குழப்பம்." ஊர்க்கவுண்டரிடம் ஒரு கைநாட்டு, ஆண்டிக்கவுண்டரிடம் ஒரு கைநாட்டு. மையைத் தொட்டுக் கொடுத்தவன் நான்.

வாத்தியார் தப்பித்தார். நான் தப்பித்தேன். எல்லோரும் எழுந்தபோது கவுண்டர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். கட்டைவிரல் மையைத் துண்டில் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "ரெண்டு வருசமா வருதுங்களே சாமி. இன்னும் படிக்கத் தெரியலைங்களா?"

நான் மைப்பெட்டியை மூடிப் பையில் வைத்தேன்.

"ஆபீசே சொல்லிப்போட்டுதுன்னா அப்பறம் எதுக்குங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பள்ளிக்கூடத்துப் படி ஏறவில்லை. மேலே போன ஒரு மிளகு வியாபாரி மூலம் அடுத்த வருஷம் தெரிந்தது, மாமன் மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்களாம். சேர்த்துக்கொள் என்ற சொல் அவளை நிறுத்தவில்லை. படிக்கத் தெரியாது என்று நான் சொன்னதுதான் நிறுத்திற்று.

7

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் கப்பல் ஏறினேன் என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. சரசு மலேயாவில் பிறந்தவள், மாமனார் இங்கே தோட்டத்தில் தண்டல், கூலி ஆட்களை மேய்க்கிறவர், வா என்றார், வந்தேன். வந்த பிறகு நாள்கள் ஓடின. பாஸ்போர்ட்டுக்கு ஒரு வரிசை, அடையாளக் கார்டுக்கு ஒரு வரிசை, குடியுரிமைக்கு ஒரு வரிசை. வரிசையில் நின்றே பாதி ஆயுசு போயிற்று. செம்பாயியை நான் மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாமல் இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேன் போலிருக்கிறது.

மல்லிகாவிடம் கத்தின பிறகு என்னால் முடியவில்லை. சரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. அவள் கேட்டுவிட்டு, "நம்ம பிள்ளைய வளக்கறதுக்காக அந்தப் பிள்ளைய விட்டீங்களாக்கும்" என்றாள். அன்றைக்கே உட்கார்ந்து, தலைமை ஆசிரியர் என்று மட்டும் போட்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். செம்பாயி என்று ஒரு பெண், ஆண்டிக்கவுண்டர் மகள், எப்படி இருக்கிறாள் என்று.

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. இப்போது இருப்பவர் வேறு ஒரு வாத்தியார், சின்ன வயசு, கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது. கவுண்டர் காலமாகிவிட்டாராம். செம்பாயி அதே ஊரில்தான், மூன்று பிள்ளைகள். மூத்தது பெண், ஆறு வயசு. இந்த வருஷம் பெயர் கொடுக்கச் சொல்லி இவர் இரண்டு தடவை வீட்டுக்குப் போயிருக்கிறார். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார். "எனக்குப் படிப்பு ஏறலைன்னு ஆபீசுல எழுதி வெச்சு எங்கப்பன் கைநாட்டும் வாங்கியிருக்காங்க சார். என்ற வயித்துல பொறந்ததுக்கு மட்டும் எங்கிருந்து ஏறும்?"

அந்தக் காகிதத்தை இருட்டுகிற வரைக்கும் திரும்பத் திரும்பப் படித்தேன். சரசு வந்து விளக்கைப் போட்டாள்.

உடனே எழுதினேன். நடந்ததை ஒளிக்காமல், ஸ்டென்சில் முதல் கைநாட்டு வரைக்கும் நாலு பக்கம். இதை அவளிடம் படித்துக் காட்டுங்கள், அந்தக் குழந்தையின் பெயரை எப்படியாவது எழுதிக்கொள்ளுங்கள் என்று அந்த வாத்தியாரிடம் மன்றாடினேன். அதற்குப் பதில் போன வாரம் வந்தது.

படித்துக் காட்டினாராம். செம்பாயி அடுப்படியில் உட்கார்ந்து, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கடைசிவரைக்கும் கேட்டாளாம். பிறகு கடிதத்தை வாங்கி, திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் மறந்து போச்சுங்க" என்றாளாம். குழந்தையைப் பற்றி வாத்தியார் மறுபடியும் கேட்டிருக்கிறார். அதற்கு அவள் சொன்னாளாம்:

"அன்னைக்கு அந்தச் சாமி ஊரே உக்காந்திருக்கறப்ப எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொல்லுச்சு. இன்னைக்கு உங்க காதுல மட்டும் வந்து தெரியுமுன்னு சொன்னா ஆச்சுங்களா?"

குழந்தை இன்னும் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று எழுதி முடித்திருந்தார்.

அவள் கேட்டது நியாயம். அதனால்தான் இதை அவளுக்கு எழுதாமல், வாத்தியாருக்கு எழுதாமல், ஊரில் எல்லோரும் வாங்கிப் படிக்கிற பத்திரிகைக்கு எழுதுகிறேன். கொல்லிமலை சந்தைக்குப் போகிறவர்கள், அடிவாரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள், ஆபீசில் அந்தப் பழைய பைல் கண்ணில் படுகிறவர்கள், யாராக இருந்தாலும் சரி, நாலு பேர் இருக்கிற இடத்தில் இதைச் சத்தமாகப் படியுங்கள்.

திருப்புலி நாட்டு ஆண்டிக்கவுண்டர் மகள் செம்பாயி அன்றைக்குச் சந்தையில் இரண்டு தடவை படித்தாள். இரண்டு தடவையும் சரியாகப் படித்தாள். பொய் சொன்னவன் நான்.